கீழ்க்கோட்டால் வந்த வினை

கடித உறையின்மேல் விலாசம் எழுதும் முறையை எமக்கு மூன்றாம் வகுப்பிலே கற்பித்தார்கள். பெறுபவரின் பெயர் ஒரு வரி. வீட்டின் பெயர் அல்லது இலக்கம் ஒரு வரி. ஒழுங்கையோ வீதியோ ஒரு வரி. ஊர் ஒரு வரி. ஒவ்வொரு வரியும் தனக்கு முந்திய வரியிலும் பார்க்கச் சற்று வலப்புறம் தள்ளித் தொடங்கல் வேண்டும். ஈற்றிலே ஊரின் பெயரை எழுதி, அதன் கீழே அடிமட்டம் வைத்து நேரான கோடு ஒன்று கீறல் வேண்டும். கோடு கீறாதவனுக்கு வாத்தியார் பிரம்பினாற் கோடு கீறுவார். ஆதலின் அந்தப் பழக்கம் எம்முடைய கையிலே நன்றாக ஊறிவிட்டது. எதை எழுதினாலும், முக்கியமானதென்று தோன்றினால், அடியிலே கோடு ஒன்று கீறாமல் எம்மால் இருக்க முடிவதில்லை.

அந்தக் கோடு சென்ற ஆண்டு எமது தமக்கையின் மகளுக்குப் பெருந் தீங்கொன்றைச் செய்துவிட்டது.

அவள் பட்டப் படிப்பை முடித்தவள். மேற்படிப்புக்கான உபகாரச் சம்பளம் ஒன்றுக்கு விண்ணப்பம் அனுப்ப விரும்பினாள். படிவத்தைக் கையினால், பெரிய ஆங்கில எழுத்துக்களில் நிரப்புதல் வேண்டும் என்பது விதி. "மாமா, உங்கடை எழுத்துத்தான் முத்து முத்தாக இருக்கும், நீங்களே நிரப்பித் தாருங்கோ" என்று படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். எமக்கும் பெருமைதான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கறுப்பு மையினால், ஓர் எழுத்தும் பிசகாமல் நிரப்பினோம். மின்னஞ்சல் விலாசம் என்ற இடம் வந்தது. அவளுடைய விலாசம், அவள் பெயர், அதன்பின் ஒரு கீழ்க்கோடு, அதன்பின் பிறந்த ஆண்டின் ஈற்று இலக்கங்கள் இரண்டு என்று அமைந்தது. எழுதி முடித்துவிட்டு, இஃது அல்லவோ முக்கியமான பகுதி என்று எண்ணி, முழு விலாசத்துக்கும் கீழே அடிமட்டம் வைத்து அழகான கோடு ஒன்றைக் கீறினோம்.

பெயருக்கும் இலக்கத்துக்கும் நடுவே கிடந்த சிறிய கீழ்க்கோடு அந்தப் பெரிய கோட்டினுள்ளே மறைந்துபோயிற்று.

பின்னர் விசாரித்து அறிந்தது இது: கந்தோரிலே படிவங்களைக் கணினியிற் பதிவு செய்த இளைஞர், பெயருக்கும் இலக்கத்துக்கும் இடையில் வெற்றிடம் இருப்பதாகக் கண்டு அப்படியே தட்டினார். கணினி, "விலாசம் பிழை" என்று மறுத்தது. வெற்றிடத்தை நீக்கி இரண்டையும் சேர்த்துத் தட்டினார். கணினி உடனே ஏற்றுக்கொண்டது. அவர்மேற் குற்றம் இல்லை. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு அந்த விலாசத்துக்குப் போயிற்று. இங்கே நாம் மூன்று கிழமையாக ஒவ்வொரு நாளும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஈற்றிலே தொலைபேசி மூலம் கேட்டபொழுது, "உங்களுக்கு அறிவித்தாயிற்றே, பரீட்சை போன வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது" என்றார்கள். பிள்ளை எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எமக்கு இவ்வளவு வருத்தம் இருந்திராது.

இந்த நிகழ்ச்சியின் பின்னர் ஒரு கேள்வி எம்மைக் குடைந்துகொண்டே இருந்தது. பிழையான விலாசம் ஒன்றைப் பிழையென்று கண்டுபிடித்த கணினி, பிழையான இன்னொரு விலாசத்தை எங்ஙனம் சரியென்று ஏற்றுக்கொண்டது? மின்னஞ்சல் விலாசம் ஒன்று "சரியாக அமைந்தது" என்று சொல்லும்போது கணினி எதனைத்தான் பார்க்கிறது?

இலக்கணம் படித்த மாணவர்களுக்கு விடை எளிதில் விளங்கும். "பசு மரத்திலே முட்டை இட்டது" என்னும் வாக்கியத்தில் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, திணையும் பாலும் வழுவவில்லை. இலக்கண ஆசிரியர் அதிலே சிவப்பு மை தொடமாட்டார். ஆயினும் அப்படியொரு பசு உலகத்தில் இல்லை. கணினி பார்ப்பதும் இத்தகைய இலக்கணத்தையே. விலாசத்தின் உறுப்புக்கள் உரிய இடங்களில் உள்ளனவா, விலக்கப்பட்ட எழுத்து ஏதேனும் புகுந்துவிட்டதா என்பவற்றை மட்டுமே அது சோதிக்கிறது. அந்த விலாசத்தில் ஓர் ஆள் இருக்கிறாரா, இருப்பவர் நீங்கள் கருதிய ஆள்தானா என்பன அதற்குத் தெரியா.

இந்த இலக்கணம் பிறந்த கதையைச் சிறிது சொல்லுதல் வேண்டும். 1971ஆம் ஆண்டு, அமெரிக்காவிலே மசசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில், போல்ற் பெரானெக் அன்ட் நியூமன் என்னும் நிறுவனத்திலே ரே ரொம்லின்சன் என்ற பொறியியலாளர் வேலை பார்த்து வந்தார். ஒரே கணினியைப் பயன்படுத்தும் பலர் ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதி வைக்கும் வழக்கம் அதற்கு முன்னரே இருந்தது. ஒரு கணினியில் உள்ளவர் மற்றொரு கணினியில் உள்ளவருக்கு எழுத வழியில்லை. ரொம்லின்சன் அந்த வழியை உண்டாக்கினார். அவர் பரிசோதனை செய்த இரண்டு கணினிகளும் ஒரே அறையில் அருகருகே நின்றன. ஆயினும் ஆர்பாநெற் என்னும் வலையமைப்பின் வழியாகவே அவை ஒன்றோடொன்று பேசின. அந்த முதற் கடிதத்திலே என்ன எழுதப்பட்டது என்று பிற்காலத்தில் அவரைக் கேட்டார்கள். மறந்துவிட்டதென்றும், தட்டச்சுப் பலகையின் ஒரு வரிசையை அப்படியே தட்டியிருக்கக் கூடுமென்றும் அவர் சொன்னார். 2016ஆம் ஆண்டு அவர் காலமானார்.

கடிதம் அனுப்புவதென்றால் ஆளையும் குறிப்பிடல் வேண்டும், ஆள் இருக்கும் பொறியையும் குறிப்பிடல் வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு குறி தேவைப்பட்டது. அது மனிதர் பெயரில் வராத குறியாக இருத்தல் நன்று. ரொம்லின்சன் தம் முன்னிருந்த தட்டச்சுப் பலகையைப் பார்த்தார். ஆங்கில ஏ எழுத்தை அதன் வாலே சுற்றி வளைத்தாற் போன்ற @ என்னும் குறி கண்ணிற் பட்டது. ஆங்கிலத்திலே கணக்கெழுதிய வியாபாரிகள், "பத்து றாத்தல் சீனி, றாத்தல் இன்ன விலை வீதம்" என்று காட்டுவதற்கு வழங்கிவந்த குறி அது. அதை "அற்" என்று வாசிப்பார்கள். இன்ன இடத்தில் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. இன்னார், இன்ன இடத்தில். இதைவிடப் பொருத்தமான குறியைத் தேடினாலும் கிடைத்திராது. ஆனால், மல்ற்றிக்ஸ் என்னும் கணினி முறையைப் பயன்படுத்தியவர்களுக்கு மட்டும் இது தொல்லையாக முடிந்தது. அங்கே அக்குறியைத் தட்டினால், அதுவரை எழுதிய வரி முழுவதையும் அழித்துவிடு என்பது பொருளாம்!

இந்தக் குறி கணினிக்கு மிகவும் மூத்தது. 1536ஆம் ஆண்டு, பிரான்செஸ்கோ லாப்பி என்ற புளோரன்ஸ் நகர வணிகர், ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றில், வைன் அளக்கும் சாடி ஒன்றைக் குறிப்பதற்கு இதனை எழுதியிருக்கிறார். ஸ்பானியர் இதனை "அரோபா" என்பர்; அது காற்பங்கு என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்த ஒரு நிறையின் பெயர். மற்ற மொழியினர் அதன் உருவத்தைப் பார்த்துப் பெயரிட்டார்கள். ஒல்லாந்தருக்கு அது குரங்கின் வால், இத்தாலியருக்கு நத்தை, தேனியருக்குத் தும்பிக்கையுடைய ஏ, கிரேக்கருக்குத் தாராக் குஞ்சு, உருசியருக்கு நாய். நாம் மட்டும் "அற்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். எறும்பையும் ஏற்றப் பொறியையும் உவமையாக்கிய மொழிக்கு இந்தச் சோம்பல் ஏனோ தெரியவில்லை.

இனி விலாசத்துக்கு வருவோம். அந்தக் குறிக்கு இடப்புறத்தில் உள்ளது ஆளின் பெயர். வலப்புறத்தில் உள்ளது ஊரின் பெயர் எனக் கொள்ளலாம். இடைவழியில் உள்ள கணினிகள் ஊரை மட்டுமே பார்க்க உரிமையுடையன. இடப்புறத்தில் எழுதியதற்குப் பொருள் காண்பது, கடிதம் போய்ச் சேரும் ஊரின் கணினி ஒன்றுக்கே உரியது. எமது தபாற் சேவையின் ஒழுங்கும் இதுவே. கொழும்பிலே கடிதங்களைத் தரம் பிரிப்பவர் "கொக்குவில்" என்பதைப் பார்த்தாற் போதும். பிள்ளையார் கோவிலடியில் இருக்கும் கந்தையா யார் என்பதைக் கொக்குவில் தபாற்காரர் பார்த்துக்கொள்வார்.

இந்த எளிய ஒழுங்கு நிலைபெறுவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. அக்காலத்தில் யூனிக்ஸ் கணினிகள் தொலைபேசிக் கம்பி வழியாகக் கடிதம் மாற்றிக்கொண்டபோது, விலாசத்திலே வழி முழுவதையும் எழுத வேண்டியிருந்தது. இன்ன பொறிக்குப் போ, அங்கிருந்து இன்ன பொறிக்குப் போ, பிறகு இன்னாரைக் காண் என்று, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் ஆச்சரியக் குறி இட்டு எழுதுவார்கள். "சந்தியிலே பஸ்ஸால் இறங்கி, ஆலடியாலே திரும்பி, சங்கக் கடையைத் தாண்டி, இரண்டாவது ஒழுங்கை" என்று வழி சொல்வதைப் போன்றது அது. இடையிலே ஒரு பொறி படுத்துவிட்டால் கடிதமும் படுத்துவிடும். பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் வேறொரு விதமாக நடந்தன. மற்றவர்கள் நிறுவனத்தை முதலிலும் தேசத்தை ஈற்றிலும் எழுத, அவர்கள் தேசத்தை முதலில் எழுதினார்கள். கணினித் துறை என்பதைக் குறிக்கும் "சி, எஸ்" என்ற இரண்டு எழுத்துக்களே அப்பொழுது செக்கோசிலோவாக்கியாவின் குறியீடாகவும் இருந்தமையால், எந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பது என்று பொறிகள் மயங்கிய சங்கடமும் உண்டு.

1982ஆம் ஆண்டு டேவிட் குறொக்கர் என்பவர் கடிதத்தின் அமைப்பையும், ஜோன் பொஸ்ரெல் என்பவர் கடிதம் கொண்டுசெல்லும் முறையையும் விதிகளாக எழுதி வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு போல் மொக்கபெற்றிஸ் ஊர்ப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் முறையை வகுத்தார். 1986 முதல், எந்த ஊருக்கான கடிதத்தை எந்தப் பொறி ஏற்கும் என்பதை அந்தப் பெயர்ப் பட்டியலிலேயே பதிந்து வைக்கும் வழக்கமும் வந்தது. இந்த விதிகள் 2001இலும் 2008இலும் திருத்தி எழுதப்பட்டன. இன்று நாம் எழுதும் விலாசம் இவற்றுக்கே கட்டுப்பட்டது.

வலப்புறத்து விதிகள் கண்டிப்பானவை. எழுத்து, இலக்கம், நடுக்கோடு ஆகிய மூன்று மட்டுமே வரலாம். பகுதிகளைப் பிரிக்கப் புள்ளி. நடுக்கோடு ஒரு பகுதியின் முதலிலும் ஈற்றிலும் வருதல் ஆகாது. ஒவ்வொரு பகுதியும் 63 எழுத்துக்கு மேற்படலாகாது. எம்மைக் கெடுத்த அந்தக் கீழ்க்கோட்டுக்கு இங்கே இடமேயில்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமும் இல்லை.

இடப்புறத்து விதிகளோ பெருந்தன்மை மிக்கவை. எழுத்தும் இலக்கமும் கீழ்க்கோடும் மட்டுமன்றிக் கூட்டற் குறி, சமன் குறி, கேள்விக் குறி, ஆச்சரியக் குறி, உடுக்குறி, நூற்றுவீதக் குறி என்பனவும் வரலாம். புள்ளிக்கு மட்டும் மூன்று தடை உண்டு: அது முதலில் வராது, ஈற்றில் வராது, இரட்டித்து வராது. தமிழர் இதனை நன்றாக நினைவில் வைத்தல் வேண்டும். ஏனெனில், எமக்குப் பெயரோடு முதலெழுத்தை எழுதிப் புள்ளி இடும் வழக்கம் உண்டு. முதலெழுத்தைப் பெயருக்கு முன் எழுதினாற் புள்ளி நடுவிலே நிற்கும், தொல்லையில்லை. பெயருக்குப் பின்னே எழுதிப் புள்ளியும் இட்டால், அது "அற்" குறியின் வாசலிலே போய் முட்டிக்கொள்ளும், விலாசம் வழுவாகிவிடும். ஜப்பானிலே கைத்தொலைபேசி நிறுவனங்கள் சில ஒருகாலத்தில் இப்படி ஈற்றிலும் இரட்டித்தும் புள்ளி வரும் விலாசங்களைத் தாராளமாக வழங்கிவிட்டன. அவற்றைப் பெற்றவர்கள் பிறநாட்டுப் படிவங்களை நிரப்பும்போது, தம் சொந்த விலாசத்தையே பொறி பிழையென்று சொல்லக் கேட்டு நின்றார்கள்.

விலாசத்தின் இடப்பகுதியை மேற்கோட் குறிகளுக்குள் அடைத்துவிட்டால், வெற்றிடமும் வரலாம். இன்னொரு "அற்" குறியும் வரலாம் என்பதும் விதியில் உள்ளது. ஆயினும் அத்தகைய விலாசங்களைத் தவிர்த்தல் நன்று என்று விதி எழுதியவர்களே அறிவுரை கூறியிருக்கிறார்கள். இடப்பகுதியிற் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு என்பது ஏட்டுவிதி; நடைமுறையில் ஏறக்குறைய எல்லாப் பொறிகளும் இரண்டையும் ஒன்றாகவே கொள்கின்றன.

நீளத்துக்கும் வரம்பு உண்டு. இடப்பகுதி 64 பைற்று; விலாசம் முழுவதும் 254 பைற்று. இந்த இரண்டாவது இலக்கத்திலே ஒரு வேடிக்கை உண்டு. 2004இல் வெளிவந்த விளக்க ஏடு ஒன்று அதனை 320 என்று கூறிவிட்டது. இடம் 64, வலம் 255, நடுவே குறி ஒன்று எனக் கூட்டியதன் பயன். விலாசத்தைச் சுமந்து செல்லும் உறையோ, அதன் இருபுற அடைப்புக் குறிகளும் உட்பட, 256க்கு மேல் இடங்கொடாது. பின்னர் பிழைதிருத்தம் வெளிவந்தது. ஆனாலும் 320 என்று எழுதும் புத்தகங்கள் இன்னமும் உலாவுகின்றன.

64 போதாதா என்று கேட்பீர்கள். ஆங்கில எழுத்துக்குப் போதும். தமிழுக்கு?

தமிழிலேயே மின்னஞ்சல் விலாசம் அமைக்கலாம் என்பது வாசகர் பலருக்குப் புதினமாக இருக்கக்கூடும். எமது தேசத்துக்கு 1990இல் "எல், கே" என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்கள் ஈற்றுப் பெயராகக் கிடைத்தன. 2010இலே, சிங்களத்தில் லங்கா என்பதோடு, தமிழில் "இலங்கை" என்ற பெயரும் உலகப் பட்டியலிற் சேர்ந்தது. உள்ளே பெயர்ப் பட்டியலைப் பார்க்கும் பொறிகளுக்கு இன்னமும் ஆங்கில எழுத்தே பழக்கம். ஆதலால் தமிழ்ப் பெயரை, எக்ஸ், என் என்ற எழுத்துக்களும் இரண்டு நடுக்கோடுகளும் முன்னே நிற்கும் ஒரு விசித்திரமான ஆங்கிலக் கோவையாக மாற்றித் தமக்குள் வழங்கிக்கொள்கின்றன. இடப்பகுதியிலும் தமிழ் முதலிய எழுத்துக்களை அனுமதிக்கும் விதிகள் 2012இல் வெளிவந்தன. ஆகவே தாரணி@உதாரணம்.இலங்கை என்று எழுதினால், அது இலக்கணம் வழுவாத விலாசமே.

ஆனால், இங்கே கணக்கு வேறு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைற்று இடம். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று. அதன்மேலும், நாம் ஓரெழுத்தெனக் கொள்ளும் "மீ" என்பதைக் கணினி, மகரம் ஒன்று, ஈகாரக் குறி ஒன்று என இரண்டாக எண்ணும். மெய்யெழுத்தின் புள்ளியும் ஒரு தனிக் குறியே. மீனாட்சிசுந்தரம் என்ற பெயரில் எமக்கு ஒன்பது எழுத்து. கணினிக்குப் பதினாறு குறி, 48 பைற்று. வரம்புக்குள் அடங்கிற்று. மீனாட்சிசுந்தரம்பிள்ளை என்று முழுவதும் எழுதினால் இருபத்திரண்டு குறி; 66 பைற்று. உ. வே. சாமிநாதையரின் ஆசானாகிய மகாவித்துவான் இன்று இருந்தால், தம் பெயரிலே மின்னஞ்சல் விலாசம் பெற முடியாமல் இரண்டு பைற்று தடுத்திருக்கும்!

இவ்வளவு தூரம் விதி இடங்கொடுத்தாலும், படிவங்களை இயற்றுபவர்கள் பலர் விதியை வாசிப்பதில்லை. தமக்குத் தெரிந்த நாலு விலாசங்களைப் பார்த்து, விலாசம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தாமே ஒரு சட்டம் செய்துகொள்கிறார்கள். ஈற்றுப் பகுதி இரண்டு அல்லது மூன்று எழுத்தாக இருத்தல் வேண்டும் என்று ஒருகாலத்திற் பலர் எழுதி வைத்தார்கள். 2001இலே "மியூசியம்" என்ற ஆறெழுத்து ஈறு பழக்கத்துக்கு வந்தபோது, நூதனசாலைக்காரரின் சரியான விலாசங்கள் பிழையென்று தள்ளப்பட்டன. ஓ'பிறையன் முதலிய பெயருடைய ஐரிஷ்காரருக்கு அவர்கள் பெயரிலுள்ள மேற்குறியே பகையாயிற்று. விதி அதனை ஏற்கிறது, படிவம் ஏற்பதில்லை. கூட்டற் குறி வந்தால் மறுக்கும் படிவங்களை நாமே கண்டிருக்கிறோம். தமிழெழுத்து விலாசத்தை மறுக்கும் படிவங்கள் இன்றும் எண்ணில. உள்ளவனை இல்லையென்று வாசலிலே தடுக்கும் காவற்காரனை விட, ஐயப்பட்டால் உள்ளே கேட்டு வருபவன் மேலானவன் என்பது எமது அபிப்பிராயம்.

மறுபுறத்திலே, இலக்கணம் சரியாக இருந்துவிட்டாற் போதுமென்று விடும் ஆபத்து. இதற்கு எமது மருமகளின் கதையினும் பெரிய கதை ஒன்று 2023ஆம் ஆண்டு ஜூலையிற் பத்திரிகைகளில் வெளிவந்தது. அமெரிக்க இராணுவத்தாரின் விலாசங்கள் "எம், ஐ, எல்" என்ற மூன்று எழுத்துக்களில் முடியும். ஆபிரிக்காவிலுள்ள மாலி என்னும் தேசத்தின் ஈறு "எம், எல்". அவசரத்திலே நடுவிலுள்ள ஐ விடுபட்டுப்போனால், அந்த விலாசமும் இலக்கணப்படி சரியானதே. எந்தப் பொறியும் தடுக்காது. கடிதம் நேராக மாலிக்குப் போய்விடும். அத்தேசத்தின் ஈற்றுப் பெயரை ஒப்பந்தத்தின்பேரில் நிருவகித்த ஒல்லாந்தர் ஒருவர், அந்த ஆண்டு சனவரி முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் இவ்வாறு வழிதவறி வந்ததைக் கண்டார். அவற்றிலே படைத்தளங்களின் விபரங்களும், வைத்தியக் குறிப்புக்களும், அதிகாரிகளின் பிரயாண ஒழுங்குகளும் இருந்தனவாம். பல ஆண்டுகளாக எச்சரித்தும் பயனில்லை என்று அவர் கூறினார். ஓர் எழுத்துத்தானே என்று இருந்துவிட்டார்கள் போலும்.

எமது தமிழ்ப் பெயர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆங்கிலத்திலே எழுதும்போது தகரத்துக்கு எச் சேர்ப்பதா விடுவதா, ஈற்றிலே எச் உண்டா இல்லையா, ழகரத்துக்கு எந்த எழுத்து என்பனவெல்லாம் அவரவர் விருப்பம். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், மின்னஞ்சலில் வேறொரு விதம் என்று ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டு உள்ள வீடுகள் யாழ்ப்பாணத்திற் குறைவல்ல. கேட்டு எழுதுபவர் தமக்குப் பழகியபடி எழுதிவிடுவார். அதுவும் இலக்கணப்படி சரியான விலாசமாகவே இருக்கும். இங்கே தபாற்காரரின் உதவியும் இல்லை. கோவிலடிக் கந்தையாவின் பெயரை எப்படி எழுதினாலும் அவர் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். பொறிக்கு அந்தத் தாட்சணியம் கிடையாது.

தவறிய கடிதம் திரும்பி வராதா என்று சிலர் கேட்கலாம். அப்படியொரு பெட்டி இல்லாவிட்டால், சேரும் ஊரின் பொறி பெரும்பாலும் "இங்கே இப்பெயரில் எவருமில்லை" என்று அனுப்பியவருக்கு அறிவித்துவிடும். ஆனால் பெரிய கந்தோர்கள், "இவ்விலாசத்துக்கு மறுமொழி அனுப்ப வேண்டா" என்ற குறிப்போடு, எவரும் திறந்து பாராத பெட்டியிலிருந்தே கடிதங்களை அனுப்புகின்றன. திரும்பி வந்தது அங்கே கிடந்து மக்கிப்போகும். அந்தப் பெயரில் வேறொருவர் இருந்துவிட்டாலோ திரும்பியும் வராது. எமது மருமகளின் அழைப்புக்கு இந்த இரண்டில் எது நேர்ந்தது என்பது இன்றுவரை தெரியாது.

ஆகவே, விலாசம் உண்மையிலே சரியா என்று அறிவதற்கு வழி ஒன்றுதான். அந்த விலாசத்துக்கு ஒரு கடிதம் அனுப்பி, அதிலே ஓர் இரகசிய இலக்கத்தை எழுதி, பெற்றவர் அதனைத் திருப்பிச் சொல்கிறாரா என்று பார்ப்பது. வங்கிகளும் வேறு பலரும் இன்று இதனைச் செய்கிறார்கள். கையெழுத்துப் படிவம் கேட்கும் கந்தோர்களும் விண்ணப்பம் கிடைத்த அன்றே இப்படி ஒரு வரி அனுப்பிவைத்தால், எத்தனையோ பிள்ளைகளின் காத்திருப்பு வீணாகாது. அது நடக்கும்வரை பெற்றோரும் மாணவரும் செய்யக் கூடியது, படிவத்தைக் கொடுத்த மறுநாளே தொலைபேசியிற் கேட்டு, விலாசத்தை எழுத்தெழுத்தாக வாசிக்கச் செய்வதுதான். எல் எழுத்தும் ஒன்று என்ற இலக்கமும், ஓ எழுத்தும் பூச்சியமும் கையெழுத்திலே இரட்டைப் பிள்ளைகள் என்பதையும் அப்பொழுது சொல்லிவிடலாம். விலாசத்தின் கீழே கோடு கீற வேண்டா என்பதை நாம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றில்லை.

இந்த ஆண்டுக்கான விண்ணப்பம் சென்ற மாதம் வெளிவந்தது. பிள்ளை புதிதாக ஒரு விலாசம் எடுத்திருக்கிறாள், பெயரும் ஒரு புள்ளியும் தகப்பனார் பெயரும் மட்டும், கீழ்க்கோடு இல்லை. படிவத்தைத் தானே நிரப்பினாள். "மாமா, ஒருக்கால் வாசிச்சுப் பாருங்கோ" என்று கொண்டுவந்து காட்டினாள். மேசையிலிருந்த அடிமட்டத்தை முதலிலே எடுத்து லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் படிவத்தைக் கையில் வாங்கினோம். உறையின்மேல் விலாசம் எழுதும் வேலை மட்டும் எமக்குக் கிடைத்தது. "கொழும்பு" என்று எழுதிக் கோடு கீறினோம்.